ஸ்ட்ராபெரி மாச்சாவும் கவாபட்டாவும்

ஸ்ட்ராபெரி மாச்சா வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே திரைக்கதைதான். கண்ணாடி கிளாஸ். அடியில் சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே ஊற்றப்படும் பச்சை. முகம் தெரியாது, கைகள் மட்டும். பச்சை பாலுக்குள் புகை மாதிரி இறங்குகிற இடத்தில் வீடியோ முடிந்துவிடும். யாரும் குடித்துப் பார்த்த மாதிரியே தெரியாது.

இதைப் பார்த்து எரிச்சலாகிற ஆட்களை எனக்குத் தெரியும். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு எங்கே, இந்தக் கலர் சர்பத் எங்கே என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்குச் சாட்சி சொல்ல யசுநாரி கவாபட்டாவைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். 1968-இல் நோபல் ஏற்புரையில் தன் 'ஆயிரம் நாரைகள்' நாவலைப் பற்றி அவரே ஒன்று சொன்னார். அதைத் தேநீர்ச் சடங்கின் அழகைப் போற்றும் கதையாக எடுத்துக்கொள்வது பிழை, அந்தச் சடங்கு விழுந்துகிடக்கும் கொச்சைத்தனத்தின் மீதான சந்தேகமும் எச்சரிக்கையுமே அந்த நாவல் என்றார். சரி, கேஸ் முடிந்தது என்று எழுந்துவிடலாம். ஆனால் நாவலைத் திறந்து பார்த்தால் சாட்சி கட்சி மாறிவிடுகிறார்.

அந்த நாவலில் கொச்சையான ஆள் யார்? சிகாகோ (ஊர் இல்லை, பெண்ணின் பெயர்). நாயகன் கிகுஜியின் இறந்துபோன அப்பாவுக்கு ஒரு காலத்தில் காதலியாக இருந்தவள், தேநீர்க்கலை சொல்லித்தரும் ஆசிரியை. எந்தக் கிண்ணம் எந்தக் காலத்தது, யார் எங்கே உட்கார வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த அறிவை வைத்துக்கொண்டு அவள் பெண் பார்க்கும் படலம் நடத்துகிறாள், பழிவாங்குகிறாள், மற்றவர் வீட்டுக்குள் நுழைகிறாள். விதி தெரியாதவர்களால் அங்கே ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கெடுப்பது, விதி தெரிந்தவள். தேநீர்க் கிண்ணத்தை அதிகாரமாக மாற்றத் தெரிந்தவள். இதை விட்டுவிட்டு ஏற்புரையை மட்டும் வாசித்தால் கவாபட்டாவை ஒரு தூய்மைவாதியாக்கி விடுவோம்.

இப்போது கிளாஸுக்கு வருகிறேன். நான் வீட்டில் செய்யும் முறை இது. ஐந்தாறு ஸ்ட்ராபெரியை நறுக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கால் மணி நேரம் விட்டால் பழம் தானே தண்ணீர் விடும், பிறகு மசித்துக்கொள்ளலாம். இரண்டு கிராம் மாச்சாவைச் சல்லடையில் தட்டிச் சலிக்க வேண்டும், ஏனென்றால் அவ்வளவு நைஸான பொடி கட்டி தட்டாமல் இருக்காது. 60 மில்லி தண்ணீர், 75–80 டிகிரியில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு முகத்தில் அறையும். மூங்கில் துடைப்பம் மாதிரி இருக்கும் 'சாசென்' இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினாலும் வேலை நடக்கும். கிளாஸில் முதலில் பழம், பிறகு நிறைய ஐஸ், பிறகு 120 மில்லி குளிர்ந்த பால், கடைசியாக மாச்சா. அடுக்குகள் நிற்பதில் மாயம் ஒன்றும் இல்லை. சர்க்கரை கரைந்த சாறு கனமானது, அடியில் உட்காரும். சர்க்கரையே இல்லாத மாச்சா லேசானது, ஐஸ் மேல் மெதுவாக ஊற்றினால் மேலே தங்கும். ஐஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழத்தின் புளிப்பும் பாலும் ஒன்றாகக் கலந்து கொஞ்ச நேரம் இருந்தால் பால் திரியத் தொடங்கும். நடுவில் ஐஸ் நின்று அதைத் தள்ளிப்போடுகிறது.

விமர்சகனாக எனக்கு இதில் பிடித்த இடம் ஸ்ட்ரா. தேநீர்ச் சடங்கில் இனிப்பையும் தேநீரையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள். முதலில் இனிப்பைத் தின்று முடிக்க வேண்டும்; அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போது கசப்பு வரும். ஸ்ட்ராவைக் கலக்காமல் அடிவரை இறக்கி உறிஞ்சிப் பாருங்கள். முதலில் ஸ்ட்ராபெரி, பிறகு பால், கடைசியில் பச்சை. அதே வரிசை! யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அடர்த்தி தன் போக்கில் செய்துவைத்த காரியம். "நல்லா கலக்கிட்டுக் குடிங்க" என்று சொல்லிக் கொடுப்பவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். கலக்கினால் சேற்று நிறத்தில் ஒரு மில்க்‌ஷேக் மிஞ்சும், அவ்வளவுதான்.

தோற்கும் இடமும் உண்டு. பாலை 200 மில்லிக்கு மேல் ஏற்றி, சிரப்பைத் தாராளமாக விட்டால் மாச்சா வெறும் பெயின்ட் ஆகிவிடுகிறது. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். அந்தத் துவர்ப்பு கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். அறுவடைக்கு மூன்று வாரம் முன்பே செடிக்கு நிழல் போர்த்தி, இலையின் தண்டையும் நரம்பையும் நீக்கி, கல் இயந்திரத்தில் மணிக்கு 40 கிராம் என்ற கணக்கில் அரைத்த பொடி அது. நிறத்துக்காக மட்டும்தான் என்றால் பிஸ்தா கலரே போதுமே.

சிகாகோ இன்று எங்கே இருக்கிறாள்? பாக்கெட்டின் மேல். 'செரிமோனியல் கிரேடு' என்று அச்சடித்து இரட்டை விலைக்கு விற்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு ஜப்பானில் சட்டபூர்வமான தரநிலை எதுவும் கிடையாது. வெளிநாட்டுச் சந்தைக்காகப் பிறந்த சொல். சடங்கின் பெயரைக் காட்டி, சடங்கு தெரியாதவரைக் கூச வைத்து விற்பது. நாவலின் தேநீர் அறையில் அவள் செய்வதும் இதேதான். 2024 இலையுதிர்காலத்தில் கியோட்டோவின் பழைய தேயிலை நிறுவனங்களான இப்போதோவும் மருக்யு கொயாமாஎன்னும் மாச்சா விற்பனைக்கு வரம்பு போட வேண்டி வந்தது. நல்ல பொடி அலமாரியில் இல்லாத நேரத்தில் இந்த மாதிரிச் சொற்களுக்குக் கிராக்கி கூடும்.

தூய்மைவாதிகளுக்கு 1587-ஐயும் ஞாபகப்படுத்தலாம். அந்த வருடம் ஹிதேயோஷி கியோட்டோவின் கிதானோவில் ஊரையே கூப்பிட்டுத் தேநீர் விருந்து வைத்தார். தங்கத் தகடு பதித்த தன் தேநீர் அறையைக் காட்சிக்கு வைத்தார். சென் நோ ரிக்யு அதில் முக்கியப் பங்காற்றினார். எளிமையின் குருவாக நாம் கும்பிடும் அதே ரிக்யுதான். ஆனால் அழைப்பில் ஒரு வரி இருந்தது: தேயிலை இல்லாதவர்கள் வறுத்த தானியப் பொடியோடு வரலாம். தங்க அறையும் தானியப் பொடியும் ஒரே மைதானத்தில்! பத்து நாள் என்று அறிவித்தது ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை.

கவாபட்டாவின் நாவலில் ஒரு ஷினோ கிண்ணம் வரும். அதன் விளிம்பில் திருமதி ஓதாவின் உதட்டுச் சாயம் ஊறிப்போன கறை. எத்தனை கழுவினாலும் போகாத மாதிரி. அவள் செத்த பிறகு மகள் ஃபுமிகோ அதைக் கிகுஜியின் தோட்டத்தில் கல் தொட்டியில் அடித்து உடைக்கிறாள். அந்தக் கறையில்தான் நாவலின் உயிர் இருக்கிறது: ஒரு வாய் பட்ட இடத்தில் இன்னொரு வாய் படும் பயம், ஆசை. ஸ்ட்ராபெரி மாச்சா வீடியோவில் எனக்குக் குறைவது இதுதான். ஜப்பான் இல்லாதது ஒரு குறையே இல்லை, வாய் இல்லாததுதான் குறை. கேமராவுக்கு முன்னால் ஒருத்தராவது அந்த ஸ்ட்ராவை வாயில் வைத்து, கடைசி மடக்குக் கசப்புக்கு முகம் சுளித்துக் காட்டினால் நான் முழுசாகப் பார்ப்பேன். இந்தச் சீசனில் ஸ்ட்ராபெரிக்குப் பதில் பங்கனபள்ளி போட்டுச் செய்தேன். சர்க்கரையே வேண்டாம், மாம்பழமே போதும். மாச்சாவை மட்டும் இரண்டரை கிராமாக்கிக் கொள்ளுங்கள்.