வேற்றுருவும் வாக்குறுதியும்

ஒற்றர் கதை என்றால் நம்மவரிற் பலர், அதனை இரயில் வண்டியில் பொழுது போக்குவதற்காகப் படித்துவிட்டு, இறங்கும் நிலையத்திலேயே விட்டுச் செல்லும் பொருளாகக் கருதுவர். வேற்றுக்கோள் மாந்தர் உருமாறி நம்மிடையே உலவுகின்றனர் என்னும் கதையென்றாலோ சொல்லவே வேண்டுவதில்லை. அது சிறுவர்க்கு உரியது என ஒதுக்கிவிடுவர். ஆயினும், ஒரு கதையின் தகுதியை அதன் புறத்தோற்றத்தைக் கண்டு முடிவு செய்தல் முறையாகாது. அது எழுப்பும் வினா யாது, அவ்வினாவுக்கு அது நேர்மையாக விடை காண முயல்கின்றதா என்னும் இரண்டையும் கொண்டே திறனாய்வாளன் முடிவு கூறுதல் வேண்டும். இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு, 2023-ஆம் ஆண்டு ஜூன் 21 முதல் ஜூலை 26 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த 'சீக்ரெட் இன்வேஷன்' என்னும் அமெரிக்கத் தொடரை ஈண்டு ஆராய்வோம். 'மறைவான படையெடுப்பு' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

உருமாறிகளின் வரலாறு

இத்தொடரில் வரும் 'ஸ்க்ரல்' என்னும் உருமாறிகள் நேற்றுப் பிறந்தவர்கள் அல்லர். 1962-ஆம் ஆண்டு ஜனவரித் தேதியிட்ட 'பென்டாஸ்டிக் போர்' என்னும் சித்திரக்கதையின் இரண்டாம் இதழில், ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகிய இருவரும் அவர்களைப் படைத்தனர். அன்று அவர்கள் வெறும் பகைவர்கள். கதைத் தலைவர்களின் உருவை எடுத்துக்கொண்டு குற்றம் புரிந்து, பழியை அவர்கள்மேல் சுமத்துவதே அவர்களுடைய தொழில். முடிவில், பிடிபட்ட ஸ்க்ரல்கள் மனவசியத்தால் பசுக்களாக்கப்பட்டுப் புல் மேய விடப்படுகின்றனர். பகைவனைப் பசுவாக்கிவிட்டால் அவனுடைய குறையைக் கேட்க வேண்டிய தொல்லை இல்லையன்றோ!

அக்காலத்து அமெரிக்க மக்களின் அச்சத்தை நினைவிற் கொண்டால் இக்கற்பனையின் வேர் விளங்கும். அரசுப் பணியிலே கம்யூனிஸ்டுகள் மறைந்துள்ளனர் என்று மக்கார்த்தி முழங்கியது 1950-இல். ஓர் ஊரின் மக்கள் ஒவ்வொருவராக உணர்ச்சியற்ற போலிகளாக மாற்றப்படுவதைக் காட்டிய டான் சீகலின் திரைப்படம் வெளிவந்தது 1956-இல். பிரிட்டிஷ் ஒற்றுத்துறையில் உயர் பதவி வகித்துக்கொண்டே சோவியத் நாட்டுக்கு உழைத்த கிம் பில்பி, பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்குத் தப்பியோடியது 1963-இல். பில்பிக்கு முகத்தை மாற்றும் வித்தை வேண்டியிருக்கவில்லை. தன் முகத்தோடும் தன் குரலோடும் நண்பரோடு அமர்ந்து உண்டுகொண்டே அவன் வேறொருவனாக இருந்தான். அந்த அகமாற்றத்தைக் கண்ணுக்குப் புலனாகும் புறமாற்றமாக ஆக்கிக் காட்டுவதே உருமாறிக் கதைகளின் உத்தி என்க.

2008-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, லெய்னில் பிரான்சிஸ் யூ வரைந்த எட்டு இதழ்ச் சித்திரக்கதையிலும் ஸ்க்ரல்கள் படையெடுப்போரே. பெருமாற்றம் நிகழ்ந்தது 2019-இல் வெளிவந்த 'கேப்டன் மார்வெல்' திரைப்படத்தில். அதில், பகைவர் என எண்ணப்பட்ட ஸ்க்ரல்கள், 'க்ரீ' என்னும் வல்லரசால் வீடிழந்த ஏதிலிகள் என்பது வெளிப்படுகின்றது. பசுக்களாக்கி விரட்டப்பட்டவர்க்கு முதன்முறையாக ஒரு குறை உண்டு என ஒப்புக்கொள்ளப்பட்டது. நாம் எடுத்துக்கொண்ட தொடர் இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது.

கதையும் வினாவும்

ஒற்றர் தலைவன் நிக் பியூரி, ஸ்க்ரல்களுக்கு ஒரு வாக்களித்தான். அவர்கள் மனித உருவில் அவனுக்காக ஒற்றாடுவது. அவனும் அவனுடைய தோழி கேரல் டான்வர்ஸும் அவர்கள் குடியேறப் புதியதொரு கோளைத் தேடித் தருவது. இதுவே உடன்பாடு. ஆண்டுகள் பல உருண்டன. ஸ்க்ரல்கள் தம் பங்கைச் செய்தனர். அவர்களுடைய உழைப்பால் பியூரி உயர்ந்தான். கோள் கிடைக்கவில்லை. சிறுவனாக வந்து அவனுக்குப் பணிபுரிந்த கிராவிக், வளர்ந்து பகைவனாகின்றான். அமெரிக்காவையும் உருசியாவையும் மோதவிட்டு மனித இனம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்வதே அவன் திட்டம். கதிரியக்கம் ஸ்க்ரல்களைத் தாக்காது. ஆகவே உருசியாவில் கைவிடப்பட்ட அணு நிலையம் ஒன்றிலே அவன் பாசறை அமைக்கின்றான். மற்றொரு புறம் டாலோஸ் என்னும் மூத்த ஸ்க்ரல், மனிதரோடு நட்புடன் வாழவே விழைகின்றான். அவன் மகள் கையா, முதலில் கிராவிக்கின் படையிலே சேர்ந்து, பின்னர் தந்தையின் பக்கம் சாய்கின்றாள்.

அடைக்கலம் கொடுத்தவன் வாக்கைக் காவாதபோது, அடைக்கலம் புகுந்தவன் யார்க்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? இதுவே தொடர் எழுப்பும் வினா. இது சிறுவர் வினாவன்று. கம்பனைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கேட்டவுடனே வீடணன் அடைக்கலத்தை நினைப்பர். பகைவன் பாசறையிலிருந்து வந்தவனை ஏற்கலாமா என்று அங்கே பெரியதோர் ஆய்வு நடக்கின்றது. சுக்கிரீவன் ஐயுறுகின்றான், அனுமன் ஏற்கலாம் என்கின்றான். ஏற்றபின் இராமன் இலங்கை அரசை அவனுக்கு உரியதாக்குகின்றான். போர் முடிந்ததும் அவ்வாக்கு நிறைவேறுகின்றது. வீடணனுக்கு அளித்த வாக்கு நிறைவேறாமற் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அக்கற்பனையை எதிர்த்திசையில் நடத்திப் பார்த்தால் கிடைப்பதே கிராவிக்கின் கதை.

பாராட்டத்தக்க இடங்கள்

இத்தொடரின் சிறந்த காட்சிகளில் வெடியோசை இல்லை. இருவர் அமர்ந்து பேசுகின்றனர், அவ்வளவே. இரண்டாம் பகுதியில் ஓடும் இரயில் வண்டியில் பியூரியும் டாலோஸும் எதிரெதிரே அமர்ந்துள்ளனர். எஞ்சியிருந்த ஸ்க்ரல்கள் அனைவரையும் தான் இப்பூவுலகுக்கு அழைத்துவிட்டதாகவும், அவர்கள் பத்து இலட்சம் பேர் என்றும் டாலோஸ் கூறுகின்றான். வாக்களித்தவன் அப்பொழுது வெகுண்டு, நண்பனையே வண்டியை விட்டு இறங்கச் சொல்கின்றான். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைச் சினக்கும் இக்காட்சி, மனித இயல்பை நன்கு அறிந்து எழுதப்பட்டது. பியூரியாக சாமுவேல் ஜாக்சனும், டாலோஸாக பென் மெண்டல்சனும் இதனை அளவோடு நடித்துள்ளனர்.

பியூரியின் மனைவி வாரா மற்றொரு சிறந்த படைப்பு. அவளும் ஸ்க்ரலே. இறக்கும் நிலையில் இருந்த ஒரு பெண்ணின் உருவை, அவளுடைய இசைவைப் பெற்று ஏற்றவள். கணவனைக் கொல்லுமாறு அவளுக்குக் கட்டளை வருகின்றது. நான்காம் பகுதியில், உணவு மேசையில் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு இருவரும் உரையாடுகின்றனர், இருவரும் சுடுகின்றனர், இருவரும் வேண்டுமென்றே குறி தவறுகின்றனர். இனப்பற்று ஒருபுறம், இல்லறப்பற்று ஒருபுறம் என இரண்டாகப் பிளவுண்ட நெஞ்சத்தை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. முடிவில், அவள் தன் சொந்த முகத்தோடு நிற்க, அம்முகத்தையே பியூரி முத்தமிடுகின்றான். ஏற்பு என்பது யாது என்பதற்கு அஃதொன்றே விளக்கமாகும்.

குறைகள்

இத்துணை நல்ல வித்தை விதைத்தவர்கள் விளைச்சலை வீணாக்கிவிட்டனர் என்பதே எமது மனக்குறை.

முதலாவது, ஒற்றர் கதைக்குரிய அறிவுக்கூர்மை இதில் இல்லை. ஒற்றன் ஒருவன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும் என்பது, ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. யார் எந்த உருவில் வருவர் என்று தெரியாத உலகில் இம்முறை பன்மடங்கு தேவையன்றோ? ஆனால், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிட்சன், தம் அருகில் நிற்கும் ரோட்ஸின் சொல்லையே நம்பி உருசிய மண்ணில் குண்டு வீசும் அளவுக்குச் செல்கின்றார். அந்த ரோட்ஸோ உருமாறிய ஸ்க்ரல். முதற்பகுதியின் முடிவில், மாஸ்கோ நகரில் வெடிவிபத்து நிகழ்ந்த குழப்பத்திடையே, கிராவிக் பியூரியின் உருவில் வந்து பியூரியின் உற்ற துணையான மரியா ஹில்லைச் சுட்டுக் கொல்கின்றான். யாரையும் நம்ப இயலாது என்னும் நடுக்கத்தை இக்காட்சி நன்கு ஊட்டுகின்றது. ஆயினும், அந்நடுக்கத்துக்கு எதிராக எவரேனும் அறிவைப் பயன்படுத்தினரா எனத் தேடினால் ஏமாற்றமே எஞ்சுகின்றது.

இரண்டாவது குறை மிகப் பெரிது. ஆறாம் பகுதியில் பியூரி கிராவிக்கின் பாசறைக்குச் சென்று, தான் வாக்குத் தவறியதை ஒப்புக்கொண்டு உருகிப் பேசுகின்றான். கதை முழுவதும் நாம் காத்திருந்த பேச்சு அது. அடுத்த கணமே உண்மை வெளிப்படுகின்றது: பேசியவன் பியூரி அல்லன், அவன் உருவெடுத்து வந்த கையா! உண்மைப் பியூரி மருத்துவமனையில் குடியரசுத் தலைவரைக் காத்துக்கொண்டிருக்கின்றான். கடன்பட்டவன் கேட்க வேண்டிய மன்னிப்பை, கடன் கொடுத்த இனத்தின் மகளே அவன் வேடமிட்டுக் கேட்கின்றாள். இதைவிடக் கூரிய நகைமுரண் வேறில்லை. ஆசிரியர்கள் இதனை உணர்ந்து செய்திருப்பாரேயானால் தொடர் முழுவதும் உயர்ந்திருக்கும். அவர்களோ இதனை ஒரு திடீர்த் திருப்பமாகவே பயன்படுத்தினர். உடனே இருவரும் பல வீரர்களின் ஆற்றல்களை உடலில் ஏற்று மோதுகின்றனர், கிராவிக் மடிகின்றான், அவன் குறையும் அவனோடு மடிகின்றது. 1962-இல் பசுவாக்கி விரட்டியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு யாதுளது?

மூன்றாவது, தொடர் தன் விளைவுக்குப் பொறுப்பேற்கவில்லை. முடிவில் ரிட்சன், வேற்றுக்கோளிற் பிறந்தோர் அனைவரும் பகைப்படையினரே என அறிவிக்கின்றார். கும்பல்கள் துப்பாக்கி ஏந்திப் புறப்படுகின்றன. ஸ்க்ரல் என்ற ஐயத்தால் மனிதரும் கொல்லப்படுகின்றனர். பியூரி தொலைபேசியில் ரிட்சனைக் கண்டித்துவிட்டு, மனைவியோடு விண்கலமேறிச் சென்று விடுகின்றான். பத்து இலட்சம் பேர் கீழே நிற்கின்றனர்!

இது வெறுங் கற்பனை அன்று என்பதை நாம் மறத்தலாகாது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 120,000 பேர் வீடு வாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவ்வரசு முறைப்படி மன்னிப்புக் கோரி இழப்பீடு வழங்க 1988 வரை சென்றது. முகத்தைக் கண்டு நெஞ்சை அளப்பது எத்துணைக் கொடிது என்பதற்கு அந்நாட்டின் வரலாற்றிலேயே சான்று இருக்க, அதனைத் தொட்டும் தொடாமலும் விட்ட தொடரை எங்ஙனம் முழுதும் பாராட்டுவது?

மற்றொன்றும் குறிப்பிடல் வேண்டும். இத்தொடரின் முகப்புச் சித்திரங்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆக்கப்பட்டவை. ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தம் நடைபெற்ற வேளையில் அவை வெளிவந்தமையால் ஓவியர்களிடையே கண்டனம் எழுந்தது. பிறர் முகத்தைத் திருடுவோர் பற்றிய கதைக்கு இது பொருத்தமா, பொருத்தமின்மையா என்பதை வாசகரே முடிவு செய்க.

முடிவுரை

ஒரு நல்ல வினாவை எழுப்பி அதனைத் தாங்க இயலாது கைவிட்ட படைப்பு இது. எனினும், முழுதும் வெற்றி பெற்ற சிறிய கதையைக் காட்டிலும், தோல்வியுற்ற பெரிய வினா சில வேளைகளில் மிகுந்த பயன் தரும். உயர்வகுப்பு மாணவர்க்கு வீடணன் அடைக்கலம் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம். 'உங்களுள் அயலான் யார்?' என்றே இத்தகைய கதைகள் வழக்கமாகக் கேட்கும். 'வாக்களித்தவர் யார்? அதனைக் காத்தவர் யார்?' என்று மாணவர் திருப்பிக் கேட்கப் பழகுவாராயின் அதுவே பயன். முன்னோர் பிறந்த மண் வேறு, தாம் வாழும் மண் வேறு என்னும் நிலையில் உள்ள எந்த மக்களுக்கும் இவ்வினா அயலதன்று. பற்றுறுதியைக் கேட்கும் நாடும் தலைவனும், தாம் கொடுத்த சொல்லை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.