ஒரே போர், மூன்று கற்கள்

மாமல்லபுரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்கியின் நரசிம்மவர்மன்தான். பல்லவர் கதை அங்கேயே உச்சம் தொட்டு முடிந்துவிட்டது போல ஓர் எண்ணம். ஆனால் கிட்டத்தட்ட 600 ஆண்டு கழித்தும் 'நான் பல்லவன், காஞ்சிக்கும் மல்லைக்கும் தலைவன்' என்று பட்டம் சூடிக்கொண்ட ஒருவன் இருந்தான். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். அவனுடைய கோட்டை மல்லையில் இல்லை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் சேந்தமங்கலத்தில். சோழருக்கு அடங்கிய குறுநிலத் தலைவனாக இருந்தவன், 1231 வாக்கில் தன் பேரரசன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சிறையில் போட்டான்.

சீனாவில் ஜூ வென் என்ற படைத்தலைவன் தாங் பேரரசனைக் கொன்று, 907இல் அந்த வம்சத்தையே முடித்தான். அந்தக் கதையைச் சொல்ல அங்கே வரலாற்று நூல்கள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பவை கற்கள். அவற்றைத் தேதி தேடும் தரவாக மட்டும் பார்க்காமல் இலக்கியப் பிரதியாகவும் வாசிக்கணும் என்பது என் கட்சி.

முதல் கல் வந்தவாசிப் பக்கத்து வயலூர்ப் பாறை. கோப்பெருஞ்சிங்கனின் சொந்தக் குரல் இது. தெள்ளாற்றில் சோழனை வென்றான், அரச சின்னங்களைப் பறித்தான், சிறைவைத்தான், சோழநாடு கொண்டான். வினைமுற்று மேல் வினைமுற்று. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் வென்ற அதே தெள்ளாறு என்பதால் பெயருக்கே ஒரு கனம் உண்டு. பரம்பரை உரிமைக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. ஆனால் அந்தப் போரில் யார் செத்தார்கள், எந்த ஊர் எரிந்தது? பாட்டில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாவது கல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில். சோழனை மீட்க வந்த போசள நரசிம்மனின் தளபதிகள் அப்பணனும் சமுத்திர கோப்பய்யனும் செய்ததைச் சொல்வது. இது பாட்டு இல்லை, உரைநடை. எனக்கு இதுதான் மேலான எழுத்து. ஏனென்றால் இதில் ஊர்கள் வரிசையாக வருகின்றன. படை போகும் பாதையை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடரலாம். நடுவில் தில்லைக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறார்கள். பிறகு மறுபடி அழிவு.

கவனிக்க வேண்டியது அதன் தொடக்கமும் முடிவும். கோப்பெருஞ்சிங்கன் நாட்டை அழிக்கிறான், கோயில்களை அழிக்கிறான் என்ற அறச்சீற்றத்தோடு தொடங்குகிறது. முடிவதற்குள் இவர்களே ஊர்களைக் கொளுத்தி, பெண்களைப் பிடித்து, கொள்ளையடித்திருக்கிறார்கள். அதை மறைக்கவும் இல்லை. சாதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் பயந்து சோழனை விடுவிக்கிறான். தளபதிகளுக்குப் பெயர் இருக்கிறது. பிடிபட்ட பெண்களில் ஒருத்திக்கும் இல்லை.

மூன்றாவது கல் செங்கல்பட்டை ஒட்டிய ஆத்தூரில். பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்துப்படி கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தை, மகன் என இருவர் உண்டு. மகனின் ஆட்சியாண்டுகள் 1243இல் தொடங்குகின்றன. ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தில்லையின் தெற்குக் கோபுரமான 'சொக்கச்சீயன்' கோபுரத்துக்காக இந்த ஊரின் வருவாயை ஒதுக்குகிறது. சிதம்பரம் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேலே. அன்று ஆத்தூரில் உழுதவர்களில் எத்தனை பேர் அந்தக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? போரைப் பற்றி ஒரு சொல் இல்லாத இந்தக் கல்தான், ஒரு குறுநிலத் தலைவன் பேரரசன் ஆவதற்கு யார் செலவு செய்தார்கள் என்பதைச் சொல்கிறது.

வீழ்ச்சி இவன் எழுதாத இன்னொரு குரலில் வருகிறது. 1251இல் பட்டமேறிய ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நாட்டை அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகப் பாண்டியன் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. அனைத்துலகச் சக்கரவர்த்தி என்று பட்டம் வைத்துக்கொண்டவனுக்கு, சொந்த நாடே இப்போது இன்னொருத்தன் போட்ட பிச்சை. 1279 வாக்கில் காடவர் ஆட்சி கல்வெட்டுகளிலிருந்து மறைகிறது. சோழர் ஆட்சியும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் முடிகிறது. சிறைவைத்த குலம், சிறைப்பட்ட குலம் இரண்டும் சேர்ந்தே போயின.

இன்று யூடியூபில் இப்படிப்பட்ட தலைவர்கள் 'ஆண்ட பரம்பரை' அடையாளமாகத் திரும்பி வருகிறார்கள். பின்னணி இசையோடு ஒலிப்பது வயலூர்ப் பாறையின் குரல்தான்: வென்றான், கொண்டான், சிறைவைத்தான். பல வரலாற்று நாவல்களும் அதே தொனியைத்தான் கடன் வாங்குகின்றன. கோப்பெருஞ்சிங்கனைப் பற்றி யாராவது நல்ல நாவல் எழுதினால் சந்தோஷமாக வாசிப்பேன். அதில் தெள்ளாற்றுக்கு ஓர் அத்தியாயம் போதும். திருவந்திபுரக் கல் பெயர் சொல்லாமல் விட்ட பெண்களுக்கும், ஆத்தூரில் நெல் அளந்து கொடுத்தவர்களுக்கும் மீதியைக் கொடுக்கட்டும்.