விலையை யார் எழுதுவது?

இசைக்குழுக்கள் தம் பாட்டை மக்களிடம் கொண்டுசேர்க்கும் புது வழிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அது கருவியில் தொடங்கி எண்ணிக்கையில் முடிந்துவிடுகிறது. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை நாடுகளில் கேட்டார்கள் என்பதே அளவுகோல். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970களிலிருந்து வளர்ந்த இரண்டு இசை மரபுகளை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த அளவுகோல் போதாது என்று தெரிகிறது. கேட்க வேண்டியவை வேறு: பாட்டுக்கு விலை எழுதுவது யார், மூல ஒலிநாடா யார் கையில் இருக்கிறது, வரவு செலவை யார் பார்க்கிறார்கள்? இம்மூன்றும் குழுவிடமே இருந்தால், நாளை எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அதைத் தன் போக்கில் வளைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கேட்பவர் கூட்டம் பெருகும். பாடியவரின் நிலை அப்படியே இருக்கும்.

1980இல் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளி வயதுப் பங்க் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த அறுநூறு டாலர் அளவிலான தொகை மிச்சமிருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஓர் இசைத்தட்டு அச்சிட்டார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் அக்குழுவிலிருந்த இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நடத்திவந்த டிஸ்கார்ட் வெளியீட்டகம். தட்டுக்கு உறை வேண்டும். உறை செய்ய ஆள் வைக்கப் பணமில்லை. கையிலிருந்த ஒரு தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்து, விரித்து, அதன் விளிம்பை அப்படியே வரைந்துகொண்டார்கள். அதே வடிவில் தாளில் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. அடுத்தடுத்த தட்டுகளுக்கும் நண்பர்கள் தரையில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தார்கள். எழுத்தாளர் சி. சு. செல்லப்பா தம் புத்தகங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உழைப்பின் தன்மை உடனே விளங்கும். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது, எழுத்து ஒப்பந்தம் போடாமல் செலவு போக மிஞ்சுவதைக் குழுவோடு பகிர்ந்துகொள்வது என்பவை நடைமுறையாயின. தட்டின் உறையிலும் விளம்பரத்திலும் தபால் செலவு உட்பட இன்ன விலை என்று அச்சிட்டார்கள். கடைக்காரர் கூட்டி விற்றால் வாங்குபவருக்கே தெரிந்துவிடும். எனக்கு இந்தக் கடைசிச் செய்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. விலை என்பது குழு தன் ரசிகரிடம் நேராகச் சொல்லும் சொல்லாக அங்கே மாறிவிட்டது.

1987இல் மேடையேறிய, மெக்கேயின் குழுவான ஃபுகாஸி இந்தச் சொல்லைக் கச்சேரி அரங்குக்குள் கொண்டுபோனது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம். கூட்டத்தில் பிறரை இடித்துத் தள்ளி அடிப்பவனிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். 1988 ஜனவரியில் பதிவுசெய்த முதல் மாதிரிப் பாடல்களைக் கேசட்டில் போட்டு இலவசமாகக் கொடுத்து, நகலெடுத்துப் பரப்பும்படி ஊக்கினார்கள். தங்கள் கச்சேரிகளைத் தாங்களே பதிவுசெய்துகொண்டும் வந்தார்கள். 2002இல் குழு காலவரையின்றி ஓய்வெடுத்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கும் அதிகமானவை ஒலிநாடாக்களாக இருந்தன. 2011 டிசம்பரில் அவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை அதே ஐந்து டாலர். விரும்பினால் ஒரு டாலர் தரலாம், நூறும் தரலாம். ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, அரங்கு, நுழைவுக் கட்டணம், வந்தவர் எண்ணிக்கை, பதிவின் தரம் ஆகியவை குறிக்கப்பட்டன. ஒலி மோசமாக இருந்தால் மோசம் என்றே போட்டார்கள். பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு பேசியது, தந்தி அறுந்தது, சண்டையை நிறுத்தியது எதையும் வெட்டவில்லை. பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. எதை வெளியிடலாம் என்பதை அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் தீர்மானித்திருப்பார்கள். புதுமை 2011இல் வந்த கோப்பு வடிவத்தால் நேர்ந்ததன்று. நாடாப் பெட்டிகள் இருபது ஆண்டுகளாகக் குழுவிடமே இருந்ததால் நேர்ந்தது.

அதே நகரில், பங்க் பிறப்பதற்கு முன்பே, கறுப்பின மக்களிடையே கோ-கோ வளர்ந்திருந்தது. சக் பிரவுன் வகுத்த பாணியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தாளம் நிற்பதில்லை. கொங்காவும் மணியும் ஓடிக்கொண்டேயிருக்க, முன்னே நிற்கும் பாடகர் கூட்டத்தைக் கூப்பிடுவார். கூட்டம் திருப்பிப் பாடும். இன்ன தெருக்காரர் வந்திருக்கிறார், இன்னாருக்குப் பிறந்தநாள் என்று பெயர் சொல்லி அழைப்பதும் இசையின் பகுதியே. சக் பிரவுனின் ‘பஸ்டின் லூஸ்’ 1979 தொடக்கத்தில் தேசிய ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் மணிக்கணக்கில் நீளும் இந்த இசை நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடங்கவில்லை. அரங்கின் ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேரே பதிவாகி, பி.ஏ. டேப் என்று அழைக்கப்பட்ட கேசட்டுகளே அதற்கு ஏற்ற வடிவமாயின. ரேர் எஸன்ஸ் என்ற கோ-கோ குழு நேற்றிரவு வாசித்தது சில நாளில் கார்களில் ஒலிக்கும். தன் பெயரும் தன் தெருவும் அதில் கேட்கிறது என்பதற்காகவே வாங்கியவர்கள் உண்டு. இதைவிட உள்ளூர்த்தன்மை கொண்ட பகிர்வு முறையை நான் அறியேன். ஆனால் குழுக்களின் வருமானம் முதன்மையாக வாசல் வசூலில் இருந்தது. நகலுக்கு நகலாகக் கைமாறிய கேசட்டின் காசு எல்லா நேரமும் வாசித்தவரிடம் வந்துசேரவில்லை. பரவல் என்று பார்த்தால் கோ-கோ வென்றது. கணக்கு என்று பார்த்தால் டிஸ்கார்ட் வென்றது. இவ்விரண்டும் சந்திக்காத உலகங்கள் அல்ல. 1983இல் டிஸ்கார்டின் மைனர் த்ரெட் குழு தன் கடைசிக் கச்சேரியை ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவோடு ஒரே மேடையில்தான் நடத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. டிஸ்கார்டைத் தொடங்கியவர்களில் பலர் நகரின் வடமேற்குப் பகுதியில் வளர்ந்த வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, நகரை ஒட்டிய ஆர்லிங்டனில் குறைந்த வாடகைக்கு வீடெடுத்துச் சேர்ந்து வாழ அவர்களால் முடிந்தது. லாபத்தை மறுப்பது அவர்களுக்கு எளிது. ஒரு கோ-கோ குழுவில் பத்துப் பேர்கூட இருப்பார்கள். பலருக்குக் குடும்பமே அந்த வசூலில் ஓடியது. ஐந்து டாலர் கட்டணத்தை அவர்களிடம் எதிர்பார்ப்பது அநீதி. இதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு தாக்குவது விலையின் அளவை. என் வாதம் விலையை நிர்ணயிக்கும் உரிமையைப் பற்றியது. பணம் அதிகம் தேவைப்படும் குழுவுக்கு மூல நாடா தன்னிடம் இருப்பது இன்னும் அவசியம், குறைவான அவசியம் அன்று.

இன்னொரு மறுப்பு பரப்பளவைப் பற்றியது. பெரிய நிறுவனத்துக்குப் போனால்தானே தொலைதூரம் போகலாம்? டிஸ்கார்டிலிருந்த ஜாபாக்ஸ் குழு அப்படித்தான் அட்லான்டிக் நிறுவனத்துக்குப் போய் 1994இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது, நல்ல தொகுப்பு. 1997இல் குழு கலைந்தது. அந்தத் தொகுப்பை 2009இல் மறுபடி கொண்டுவந்தது, குழு உறுப்பினர்களே நடத்திய டிசோட்டோ வெளியீட்டகமும் பழைய டிஸ்கார்டும் சேர்ந்துதான். ஸ்ட்ரீமிங் வந்தபின் பெருநிறுவனமே தேவையில்லை, எல்லாருக்கும் ஒரே வாசல் திறந்திருக்கிறது என்பார்கள். அந்த வாசலுக்கு 2024இல் ஒரு நிபந்தனை வந்தது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகை இல்லை என்று ஸ்பாட்டிஃபை விதித்தது. ஒரு வட்டாரத்துக்குள் சிலர் மட்டும் உயிராய்க் கேட்கும் பாட்டு அந்தக் கணக்கில் பூஜ்யமாகிவிடக்கூடும். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற இணைய விற்பனைத் தளம் மேலானது. விலையைக் குழுவே போடலாம். கோப்பு விற்பனையில் பொதுவாகப் பதினைந்து சதவீதமே பிடித்துக்கொள்கிறது. டிஸ்கார்டின் தொகுப்புகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்தத் தளம் 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்திடமும் அடுத்த ஆண்டே சாங்டிரேடர் நிறுவனத்திடமும் கைமாறியது. ஊழியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தார்கள். அங்கே பாட்டை வைத்திருந்த எந்தக் குழுவிடமும் யாரும் கேட்கவில்லை. ஆகவே தளத்தைப் பயன்படுத்தலாம், அதையே இருப்பிடமாக நம்பக் கூடாது. டிஸ்கார்டுக்கு அது பல கடைகளில் ஒன்று. இல்லாமல் போனாலும் நாடாக்கள் வீட்டில் இருக்கும்.

வீடு என்னும்போதுதான் உண்மையான நெருக்கடி புலப்படுகிறது. இந்த இசையை விளைவித்தவை குறைந்த வாடகையும், ஒத்திகைக்கு ஒரு நிலவறையும், நடந்துபோகும் தொலைவில் ஒரு மேடையும். டிஸ்கார்டின் பெரும்பாலான பதிவுகள் நடந்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடம், உள்ளாட்சி நிர்வாகம் அந்த இடத்தை வாங்கியதால் 2021இல் தன் கட்டடத்தை விட்டு வெளியேறியது. வாஷிங்டனின் ஷா பகுதியில் ஒரு செல்போன் கடை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசலில் கோ-கோ ஒலிக்கவிட்டு வந்தது. 2019இல் புதுக் குடியிருப்பிலிருந்து புகார் கிளம்பி இசை நின்றது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். குழுக்கள் நாற்சந்தியிலேயே வாசித்தன. சில நாளில் ஒலிபெருக்கி திரும்ப இயங்கியது. அடுத்த ஆண்டு கோ-கோ நகரின் அதிகாரபூர்வ இசையானது. பங்க் குழுக்களுக்கும் இதேபோல் ஒரு சோதனை வந்தது. ஃபோர்ட் ரீனோ பூங்காவில் 1960களிலிருந்து கோடைக்காலங்களில் உள்ளூர்க் குழுக்கள் இலவசமாக வாசித்து வந்திருக்கின்றன. ஃபுகாஸியும் பலமுறை வாசித்த இடம். 2014இல், பூங்கா காவலருக்கான செலவை ஏற்பாட்டாளர்களே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதற்குப் பணமில்லை என்று அந்த ஆண்டுக் கச்சேரிகள் கைவிடப்பட்டன. ரசிகர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், நகரின் நாடாளுமன்றப் பிரதிநிதி தலையிட்டார், கச்சேரிகள் அந்தக் கோடையிலேயே நடந்தன. வழக்கம்போலவே நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை.