அர்பன் சீ: கலிலியோவின் அம்மா மட்டும்தானா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயக் குதிரைகளின் வம்சாவளியை மரமாக வரைய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை, பந்தயம் கட்டியதும் இல்லை. எனக்கு ருசி தரவில்தான். தரோபிரெட் என்கிற இந்த இனத்துக்கு 200 வருஷத்துக்கும் மேலாகப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு குட்டிக்கும் அப்பா பெயர், அம்மா பெயர். நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் அம்மா பெயர் தெரியும், சொல்லுங்கள்.

ஓடி முடிந்ததும் அர்பன் சீ என்ற பெண்குதிரையைத் தேடினேன். (தமிழில் எழுதும்போது அந்த 'சீ' கொஞ்சம் உறுத்துகிறது, என்ன செய்ய, கடல் என்று அர்த்தம்.) வாரிசுகள்: 0 என்று காட்டியது. தப்பு என்னுடையதுதான். கிளை பிரிக்கும்போது அப்பா பெயர் இருக்கும் பத்தியை மட்டும் பின்தொடரச் சொல்லியிருந்தேன். திருத்துவதற்கு இரண்டு வரி போதும். ஆனால் அதற்கப்புறம் இந்தக் குதிரையைப் பற்றி எழுதப்பட்டவற்றை வரிசையாகப் படித்தபோது, அதே பிழை மனிதர்கள் எழுத்திலும் இருப்பதைப் பார்த்தேன். அங்கே இரண்டு வரியில் திருத்த முடியாது.

வழக்கமான கதை இப்படிப் போகும். 1993ல் பாரிஸின் லாங்ஷாம்ப் மைதானத்தில் ஆர்க் டி ட்ரியோம்ஃப் பந்தயம். யாரும் எதிர்பார்க்காத அர்பன் சீ, 37க்கு 1 என்ற விலையில் குருட்டாம்போக்கில் ஜெயித்தது. பிறகு கலிலியோ என்ற அதிசய மகனைப் பெற்றது. மகன் உலகத்தை ஆண்டான். சுபம். இந்தக் கதையில் எனக்கு இரண்டு சண்டை இருக்கிறது.

முதல் சண்டை அந்தக் 'குருட்டாம்போக்கு' பற்றி. 37க்கு 1 என்பது பந்தயம் கட்டியவர்கள் எவ்வளவு தப்பாகக் கணித்தார்கள் என்பதற்கான அளவு. குதிரையின் திறமைக்கு அது அளவு ஆகாது. அன்றைக்கு 23 குதிரைகள் ஓடின. எரிக் செயின்ட்-மார்ட்டின் ஓட்டிய அர்பன் சீ, ஒயிட் மசிலை ஒரு கழுத்து நீளத்தில் தோற்கடித்தது. மூன்றாவதாக வந்த ஆபரா ஹவுஸ், அதே வருஷம் கொரோனேஷன் கப், எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ் மூன்றையும் வென்ற குதிரை. கிங் ஜார்ஜில் அதற்கு அடுத்து வந்தது இதே ஒயிட் மசில். அதாவது அந்தக் கோடையின் மிகப் பெரிய பந்தயத்தில் முதல் இரண்டு இடம் பிடித்தவை, இங்கே அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தன. இரண்டு மாதம் முன்னால்தான் டோவில்லில் கோன்டோ-பிரோன் பந்தயத்தை அது ஜெயித்திருந்தது. அடுத்த வருஷம் ஆர்கூர் பந்தயத்தையும் ஜெயித்தது. மொத்தம் 24 ஓட்டம், 8 வெற்றி. மகாராணி கணக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: 1984 முதல் 2007 வரை 24 ஆர்க் பந்தயங்களில் ஜெயித்த ஒரே பெண்குதிரை இதுதான். முன்னால் 1983ல் ஆல் அலாங், பின்னால் 2008ல் சர்காவா.

இரண்டாவது சண்டைதான் பெரியது. கலிலியோ 12 முறை பிரிட்டன்-அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரை. ஃபிராங்கெலின் அப்பா. டெர்பி ஜெயித்த மகன்கள் மட்டுமே ஐந்து பேர். இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'இந்தப் பெருமையெல்லாம் அர்பன் சீக்கே' என்று முடிப்பார்கள். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். சொல்லப்போனால் இது அந்தக் குதிரையின் கணக்கில் இருக்கும் ஆகப் பலவீனமான சாட்சி.

ஏனென்றால் கலிலியோவின் அப்பா சாட்லர்ஸ் வெல்ஸ், அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த பொலிகுதிரை. சாட்லர்ஸ் வெல்ஸிடம் ஒரு ஆர்க் வெற்றியாளரை அனுப்பினால் நல்ல குட்டி பிறக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதில் அம்மாவின் பங்கு எவ்வளவு, அப்பாவின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? நல்ல பெண்குதிரைக்கு நல்ல ஜோடி கிடைக்கும், நல்ல பராமரிப்பு கிடைக்கும், நல்ல பயிற்சியாளர் கிடைப்பார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் குழுவில் போய்ச் சேர்ந்தவர் நல்ல இன்ஜினியரா என்று அந்தக் குழுவை வைத்தே கண்டுபிடிக்க முடியாத மாதிரி.

அம்மாவின் பங்கு தெரிய வேண்டுமானால் அப்பாவை மாற்றிப் பார்க்க வேண்டும். அர்பன் சீ விஷயத்தில் அந்தப் பரிசோதனை தானாகவே நடந்திருக்கிறது. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஆண்குதிரையிடம் நேரில்தான் கொண்டுபோக வேண்டும். சினைக்காலம் 11 மாதம், ஆக வருஷத்துக்கு ஒரு குட்டிதான். பேர்போன பொலிகுதிரைக்கு ஒரே சீசனில் நூறைத் தாண்டும். ஒரு பெண்குதிரைக்கு வாழ்நாள் முழுக்கவே பத்தைச் சுற்றித்தான். அந்தச் சில ஈத்துகளையும் அர்பன் சீயின் சொந்தக்காரர்களான சூய் குடும்பம் வேறு வேறு ஆண்குதிரைகளுக்குப் பகிர்ந்துகொடுத்தது.

1997ல் பிறந்த மெலிகாவைப் பாருங்கள். அப்பா லாம்டாரா. ஓடிய நாலு பந்தயத்திலும் தோற்காமல் டெர்பி, கிங் ஜார்ஜ், ஆர்க் மூன்றையும் வென்றது. 30 மில்லியன் டாலருக்கு ஜப்பானுக்குப் போய், பொலிகுதிரையாகப் பெயர் கெட்டுத் திரும்பியது. அதன் குட்டிகள் பொதுவாக ஓடவே இல்லை. ஆனால் அர்பன் சீயிடம் அதற்குப் பிறந்த மகள், ஓக்ஸ் பந்தயத்தில் மூன்றாவது, ஐரிஷ் ஓக்ஸில் இரண்டாவது. எனக்கு இது கலிலியோவின் டெர்பியை விடப் பெரிய சாட்சி.

பிறகு 2006ல் பிறந்த சீ தி ஸ்டார்ஸ். அப்பா கேப் கிராஸ், ஒரு மைல் தூரத்து ஆள். விஜா போர்டு மாதிரி ஒன்றிரண்டு பெரிய பெயர்களைத் தந்திருந்தாலும், சாட்லர்ஸ் வெல்ஸ் வரிசையில் வைக்கக்கூடியது இல்லை. மகனோ 2009ல் மே முதல் அக்டோபர் வரை மாதத்துக்கு ஒன்றாக ஆறு முதல்தரப் பந்தயங்களை ஜெயித்தது. அதில் 2000 கினீஸும் டெர்பியும் உண்டு. கடைசியாக, அம்மா ஜெயித்த அதே ஆர்க். இதற்கு ஜெயன்ட்ஸ் காஸ்வேயின் மகள் மை டைஃபூன் அமெரிக்காவில் டயானா ஸ்டேக்ஸ் ஜெயித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு வேறு அப்பாக்கள், மாறாமல் இருப்பது ஒரு பக்கம் மட்டுமே.

குதிரைக்காரர்களின் பேச்சுவழக்கில் இதற்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலம் ஒளிந்திருக்கிறது. 'ஹாஃப் பிரதர்' என்று அவர்கள் சொல்வது அம்மா ஒன்றாக இருந்தால் மட்டும்தான். கலிலியோவும் சீ தி ஸ்டார்ஸும் அப்படிச் சகோதரர்கள். சாட்லர்ஸ் வெல்ஸுக்குப் பிறந்த நூற்றுக்கணக்கானவை ஒன்றுக்கொன்று யாருமில்லை! பேச்சில் அம்மா, விளம்பரத்தில் அப்பா.

அதற்காக அர்பன் சீ வானத்திலிருந்து குதித்தது என்றும் சொல்ல மாட்டேன். அதன் அம்மா அலெக்ரெட்டா, ஜெர்மானிய வம்சம். 2000ம் வருஷம் 2000 கினீஸ் ஜெயித்த கிங்ஸ் பெஸ்ட், அலெக்ரெட்டாவின் இன்னொரு குட்டி. 2001ல் இங்கிலாந்து டெர்பி கலிலியோவுக்கு, பிரெஞ்சு டெர்பி அனாபா ப்ளூவுக்கு. இரண்டுமே அலெக்ரெட்டாவின் பேரன்கள். இந்தப் பாட்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதக்கூட ஆள் இல்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. 1980 கென்டக்கி டெர்பியை ஜெயித்த ஜெனுயின் ரிஸ்க், 15 ஓட்டத்தில் ஒருமுறைகூட மூன்றாம் இடத்துக்குக் கீழே போனதில்லை. மாபெரும் செக்ரடேரியட்டோடு இணைத்தார்கள், குட்டி இறந்தே பிறந்தது. உயிரோடு ஒரு குட்டி பார்க்க 1993 வரை காத்திருந்தது. மொத்தம் இரண்டே குட்டி, இரண்டும் பந்தயத்தில் ஓடவில்லை. இதை 'மரபு இல்லாதது' என்று ஒரு பட்டியலில் போட்டிருந்ததைப் பார்த்து நிஜமாகவே கோபம் வந்தது. 1980ல் ஆர்க் ஜெயித்த டெட்ராய்ட்டுக்கும் ஆர்க் ஜெயித்த மகன் உண்டு, 1994ல் கார்னெகி. ஆனால் கார்னெகி இன்னொரு கலிலியோ ஆகவில்லை. அதனால் டெட்ராய்ட்டை யாரும் தெய்வத்தாய் ஆக்கவில்லை. அம்மா செய்து முடித்த காரியத்துக்கு மார்க் போடுவது, மகன் பிற்பாடு பொலிகுதிரையாக என்ன சம்பாதித்தான் என்பதை வைத்து. இது என்ன கணக்கு?

அர்பன் சீ 2009 மார்ச் 2ம் தேதி, போர்ன் டு சீ என்ற கடைசிக் குட்டியை ஈன்ற சிக்கலில் இறந்தது. வயது 20. சீ தி ஸ்டார்ஸ் கினீஸ் ஜெயித்தது சரியாக இரண்டு மாதம் கழித்து, மே 2ம் தேதி.

ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகு முதலில் ஓட்டிப் பார்த்தது 2018 டெர்பி ஜெயித்த மசாரை வைத்து. அதன் மரத்தில் அர்பன் சீ இரண்டு இடத்தில் வருகிறது. அப்பா பக்கம் நியூ அப்ரோச், கலிலியோ, அர்பன் சீ. இது எல்லோருக்கும் தெரிந்த பாதை. ஆனால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆண் வழியாகப் போவதில்லை. கலிலியோவின் எக்ஸ் குரோமோசோம் முழுக்க அர்பன் சீ கொடுத்தது என்றாலும், அது போவது மகள்களுக்குத்தான், நியூ அப்ரோச்சுக்குப் போனது ஒய். அம்மா பக்கம் கவ்லா, வில்லாரிகா, மெலிகா, அர்பன் சீ, அலெக்ரெட்டா. எல்லாமே பெண்கள். மசாரின் ஒவ்வொரு செல்லிலும் ஓடும் மைட்டோகாண்ட்ரியா வந்தது இந்த வழியாக. ஜப்பானிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட லாம்டாராவின் மகள் நடுவில் நிற்கும் வழி.