'இனவாதம்' என்னும் சொல்லும் புலம்பெயர் தமிழ் வகுப்பறையும்: தாஹர் பென் ஜெலூனின் சிறுவர் நூலை முன்வைத்து

வெளிநாட்டார் நுழைவையும் வதிவையும் இறுக்க முனைந்த தெப்ரே சட்டவரைவை எதிர்த்து 1997 பெப்ரவரி 22இல் பாரிசில் ஊர்வலம் நடந்தது. மொரோக்கோவில் பிறந்து பிரெஞ்சில் எழுதும் தாஹர் பென் ஜெலூன் அதற்குத் தம் பத்து வயது மகளை அழைத்துச் சென்றார். அவள் தொடுத்த வினாக்களிலிருந்து, 'என் மகளுக்கு விளக்கிய இனவாதம்' எனப் பொருள்படும் தலைப்பில் 1998இல் ஒரு சிறு நூல் பிறந்தது. மகள் வினவுகிறாள், தந்தை விடையளிக்கிறார்.

லா சப்பலில் தொழில் புரிந்து, லெ பிளாங்-மெனில் போன்ற வடகிழக்குப் புறநகர்களில் வாழும் ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கு, வார இறுதித் தமிழ் வகுப்பில் இந்நூலை எவ்வாறு வாசிப்பது? இடர்ப்பாடு தலைப்பிலேயே தொடங்குகிறது. 'ரசிஸ்ம்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நம்மிடம் இரு சொற்கள் வழங்குகின்றன. 'இனவாதம்' என்றதும் பெற்றோர் நினைவில் எழுவது 1983 யூலை. 'நிறவெறி' என்றதும் தென்னாபிரிக்கா. முன்னதில் நாம் என்றும் பாதிக்கப்பட்டோர். பின்னதில் தொலைவில் நிற்கும் பார்வையாளர். இவ்விரண்டிலும் நாம் இழைக்கும் தவறுக்கு இடமில்லை.

நூலோ அத்தகைய வசதியை வாசகருக்கு அளிப்பதில்லை. தானும் இனவாதி ஆகக்கூடுமா என்று மகள் கேட்கிறாள். ஆகலாம், அது வளர்ப்பைப் பொறுத்தது என்பதே தந்தையின் விடை. நம் வகுப்பறை நின்று வாசிக்கவேண்டிய பக்கம் இதுவே. ஆபிரிக்க, மக்ரெபிய வழிவந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமரும் தமிழ்ப் பிள்ளை, வீட்டில் 'கறுவல்', 'காப்பிலி' என்னும் சொற்களையும் கேட்டு வளரக்கூடும். வெளியே தன் நிறத்துக்காக ஏளனத்துக்கு உள்ளாகும் பிள்ளையாகவும் அது இருக்கலாம்.

நூலின் குறை அதன் வடிவத்தில் உள்ளது. விடையெல்லாம் தந்தையிடமே இருக்கிறது. புலம்பெயர் குடும்பங்களிலோ பிரெஞ்சும் பள்ளி முற்றத்தின் அவமதிப்பும் பெற்றோரைவிடப் பிள்ளைக்கே நன்கு தெரிந்திருக்கும். ஆகவே வகுப்பில் இவ்வுரையாடலைத் திருப்பியமைத்தல் வேண்டும்: பெற்றோர் வினவ, பிள்ளை தமிழில் விளக்கட்டும். தலைப்புக்கு உரிய தமிழ்ச் சொல்லையும் மாணவரே விவாதித்துத் தேரட்டும்.

தமிழ் கற்பிக்கக் கிடைக்கும் சில மணி நேரத்தை இதற்குச் செலவிடலாமா என்னும் தடை எழக்கூடும். இதுவும் மொழிப்பாடமே. 'ரசிஸ்ம்' என்பதன் பொருளைப் பிரெஞ்சுப் பள்ளி கற்பித்துவிடும். 'கறுவல்' என்னும் சொல்லுக்குள் இருப்பதை அது கற்பிக்க இயலாது. அப்பொறுப்பு தமிழ் வகுப்பறைக்கே உரியது என்பது என் துணிபு.