சித்திரக்கதையும் கல்விச்சாலையும்

பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டும், அவர்தம் புத்தியைக் கெடுக்கும் விஷமென்று தூற்றப்பட்டும், பின்னர் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் உவந்து ஏற்கும் கலையாக உயர்ந்தும், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வளர்ந்துவரும் சித்திரக்கதையின் சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு முதலில் தென்படும் ஆச்சரியம், அதன் ஆதிகர்த்தாக்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர் என்பதே. ஜெனீவா நகரில் மாணவர் விடுதியோடு கூடிய பள்ளியொன்றை நடத்திவந்த ரொடோல்ஃப் டோப்ஃபர், 1827-ஆம் ஆண்டு முதலாகக் கோட்டுச் சித்திரங்களை வரிசையாகத் தீட்டி, அவற்றின் அடியில் சில வரி வசனமும் எழுதிக் கதை சொல்லலானார். அக்கையெழுத்துப் பிரதிகளைக் கண்ணுற்ற மகாகவி கதே மனமுவந்து பாராட்டிய பிறகு, 1830-களில் அவை அச்சேறின. ஆகவே வகுப்பறைக்கும் சித்திரக்கதைக்கும் பிறவிப் பகை உண்டென்று சொல்வதற்குச் சரித்திரம் இடம்தரவில்லை.

அப்பகை பிற்காலத்தில் மூட்டப்பட்டது. அமெரிக்காவில் பத்து சென்ட் விலையுள்ள காமிக்ஸ் புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்பனையான காலத்தில், கல்விச் சமூகவியல் சஞ்சிகையொன்று 1944 டிசம்பர் இதழ் முழுவதையும் இவ்விஷயத்துக்கே ஒதுக்கியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோன்ஸ், போதனாமுறையில் சித்திரக்கதை ஆற்றக்கூடிய பணியை அதில் நிதானமாக ஆராய்ந்தார். ஆனால் நிதானத்தின் குரலைவிட அச்சத்தின் குரலே உரத்து ஒலித்தது. 1948-இல் சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இப்புத்தகங்களைக் குவித்துத் தீயிட்டார்கள். 1954-இல், சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் ஒரு காரணமென்று மனோவியல் மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம் நூல் எழுதினார். அதே ஆண்டில் செனட் உபகுழுவும் விசாரணை நடத்த, அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டார்கள். நெடுங்காலத்துக்குப் பின், காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த வெர்தாமின் குறிப்புகளை நூலகவியல் பேராசிரியை கரோல் டில்லி பரிசோதித்து, சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் பல இடங்களில் மாற்றியும் திரித்தும் கையாண்டிருந்ததை 2012-இல் வெளிப்படுத்தினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, அத்தணிக்கை விதியைக் கைவிடாது எஞ்சியிருந்த கடைசிப் பதிப்பகங்களும் அதன் முத்திரையைத் துறந்துவிட்டன.

சித்திரக்கதையை எளிய வாசிப்பென்று எண்ணுவோர், அதை வாசிக்கையில் மனம் புரியும் காரியத்தைக் கவனித்ததில்லை. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை அடுத்த கட்டத்தில் தாழ்ந்திருந்தால், இடையில் நிகழ்ந்ததை வாசகனே கற்பித்துக்கொள்ள வேண்டும். முகபாவம் ஒன்று சொல்ல வசனம் வேறொன்று சொன்னால், எது மெய்யென்று அவனே தீர்மானிக்க வேண்டும். திரைப்படம் தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்ல, சித்திரக்கதையோ வேண்டிய இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, ஒப்பிட்டு அறிய அவகாசம் தருகிறது. ஸ்காட் மெக்லவுட் 1993-இல் இக்கலையின் இலக்கணத்தை வகுத்தபோது, அந்த ஆராய்ச்சி நூலையே சித்திரக்கதையாகத் தீட்டி, அருவமான கருத்தையும் இவ்வடிவம் தாங்கும் என்பதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தார்.

எத்தகைய பாரத்தை இவ்வடிவம் தாங்கும் என்பதை நிலைநாட்டியவர் ஆர்ட் ஸ்பீகல்மன். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தம் தந்தையின் சரிதத்தை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் உருவகித்து அவர் படைத்த ‘மவுஸ்’ 1992-இல் புலிட்சர் விசேஷ விருது பெற்றது. மார்ட்டின் லூதர் கிங்கின் தலைமையில் மாண்ட்கமரியில் நடந்த பஸ் பகிஷ்காரத்தை விளக்கி 1957-இல் வெளியான சிறு காமிக்ஸ் ஒன்று அகிம்சைப் போராட்டத்தின் பாடநூலாகக் கைமாறியதையும், அதனால் தூண்டுதல் பெற்ற சிவில் உரிமைப் போராளி ஜான் லூயிஸ் தம் போராட்ட வாழ்வையே ‘மார்ச்’ என்னும் மூன்று பாகச் சித்திர நூலாக அளித்து, மூன்றாம் பாகத்துக்கு 2016-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

நூலகங்கள் இவ்வளர்ச்சியை வரவேற்ற விதத்துக்கு, ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவுக்கெனக் கியோத்தோ நகரில் அமைந்த சர்வதேச மங்கா அருங்காட்சியகம் தக்க உதாரணம். பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தில், நகராட்சியும் செய்க்கா பல்கலைக்கழகமும் கூடி 2006-இல் திறந்த அந்த ஸ்தாபனத்தில் சுமார் 3,00,000 பிரதிகள் சேமிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 50,000 நூல்களை வருவோர் தாமே எடுத்து, பழைய விளையாட்டு மைதானத்துப் புல்தரையில் சாய்ந்தபடி வாசிக்கலாம். ஆராய்ச்சியாளரின் சேமிப்பும் சிறுவரின் சுதந்திர வாசிப்பும் அங்கே ஒரே கூரையின்கீழ் இசைந்திருக்கின்றன.

எனினும் ஆட்சேபங்கள் ஓயவில்லை. அவற்றின் தன்மைதான் தலைகீழாயிற்று. ஆறு வயதில் ஹிரோஷிமாவின் அணுகுண்டுக்குத் தப்பிய நாகசாவா கெய்ஜி 1973 முதல் தீட்டிய ‘வெறுங்கால் கென்’ கதையை, அதன் சில காட்சிகள் கொடூரமானவை என்று கூறி, மாட்சுயே நகரக் கல்வி நிர்வாகம் 2012-இல் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரிகளிலிருந்து அகற்றச் செய்து, கண்டனம் எழவே மறு ஆண்டு அந்த உத்தரவைக் கைவிட்டது. 2022-இல் டென்னசி மாநிலத்தின் மக்மின் மாவட்டப் பள்ளிக் குழு, வசைச்சொற்களையும் நிர்வாணச் சித்திரத்தையும் காரணம் காட்டி ‘மவுஸ்’ நூலைப் பாடத்திலிருந்து நீக்கியது. அன்று குற்றத்தைக் கற்பிக்கிறது என்று பழி சாட்டினார்கள். இன்று மெய்யை மிகையாகக் காட்டுகிறது என்று அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் ஆசிரியரின் துணையே பரிகாரம். கொடிய மெய்யைப் பிள்ளைகள் தனியே எதிர்கொள்ளாமல், கேட்கவும் விவாதிக்கவும் ஒருவர் பக்கத்தில் இருக்கும் இடம் பள்ளிதானே!

ஆசிரியரின் அத்தகைய துணை நம் நாட்டிலும் அவசியம். 1967-இல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, புராணங்களையும் சரித்திரத்தையும் பல மொழிகளில் வீடுதோறும் சேர்ப்பித்த பெருந்தொண்டைச் செய்தது. அதே வேளையில், தேவர்களுக்கு வெளுத்த மேனியும் அசுரர்களுக்குக் கறுத்த மேனியும் தந்ததைப் பின்வந்தோர் நியாயமாகவே கண்டித்தனர். அக்கண்டனத்துக்குக் கலையால் விடை கூறியதுபோல 2011-இல் வெளிவந்தது ‘பீமாயணா’. அம்பேத்கரின் வாழ்வை வரைந்த கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க இசையாமல், தம் குலத்தின் சுவர்க்கோலங்களைக் கொண்டே பக்கங்களைப் பகுத்து, இன்சொல்லுக்குப் பறவை வடிவமும் வன்சொல்லுக்குத் தேள்கொடுக்கும் அமைத்தனர். இவ்விரு வகை நூல்களையும் அருகருகே வைத்து, சித்திரம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர், எழுத்தறிவுக்கு நிகரான மற்றோர் அறிவைப் புகட்டுகிறார்.

தமிழிலும், சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் தோன்றி எண்ணற்றோருக்கு வாசிப்பின் ருசியை ஊட்டின. மலிவான தாளில் அச்சாகிப் பொடிந்துவரும் அப்பழைய இதழ்களை ஆராய்ச்சி நூலகங்கள் தேடிச் சேமிக்க வேண்டும். பொது நூலகங்கள் தரமான சித்திர நூல்களை வயதுக்கேற்ப வகைப்படுத்தித் திறந்த அலமாரியில் வைக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் சித்திரம் வாசிக்கும் முறையும் பாடமாக வேண்டும். இம்மூன்றும் நிறைவேறினால்தான், நம் பிள்ளைகள் கண்ணால் காண்பதையெல்லாம் கருத்தால் சோதித்தறியும் திறம் பெறுவார்கள்.