இறக்கிய மூக்கு

லொறியின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கி ஓட்டுவது மட்டக்களப்பில் சில பொடியன்களுக்கு ஓர் ஆசை. "ஒரு ஸ்பிரிங் பிளேட்டைக் கழட்டி விடுங்க பாஸ்" என்று கராஜில் வந்து நிற்பார்கள்.

"கழட்டினா இறங்கும்தான் மனே. பிறகு குழியில உழுந்தா அச்சு சேசில இடிக்கும்."

அப்படிச் சொல்லியும் கேளாவிட்டால் நடக்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது. பாஸ் ஒவ்வொரு பிளேட்டாகக் கழற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டிக் காது கொடுப்பார். வெடிப்பிருந்தால் சத்தம் மழுங்கும். வாவிக்காற்றின் உப்பில் பிளேட்டுகளுக்கிடையே படிந்த துருவைச் சுரண்டுவார். பிளேட்டின் வளைவைக் கொஞ்சம் குறைத்தால் உயரம் இறங்கும். ஆனால் பிளேட் நீளும், அதன் நுனியைத் தாங்கும் சக்கிளின் சாய்வு மாறும், பழைய சொக் அப்சோபர் பொருந்தாது. குட்டையானது தேட வேண்டும். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி பூட்டவே மாட்டார். ஒருமுறை இறுகி இழுபட்ட இரும்பாம்.

இறக்கிய வண்டிக்கு வாவியைக் கடப்பதிலும் தொல்லை உண்டு. மண்முனைப் பாலம் 2014இல் வந்தது. அதற்கு முன் அவ்வழியே படுவான்கரைக்குப் போன வாகனங்கள் 'பாதை' எனும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. மூக்கு தாழ்ந்த வண்டிக்கு அந்த ஏற்றத்தில் பம்பர் உரசும். குறுமண்வெளியில் மண்டூர்ப் பாதை ஏறுகிறவர்களே, உங்கள் வண்டியை இறக்காதீர்கள்.